வெட்டிய பிறகு திருப்பி எடுக்கப்படமாட்டாது

காலை எட்டு மணி அடிப்பதற்குள் டீச்சர் வீட்டுக் கீழ்த்தளத்து வாசலில் பத்தொன்பது ஜோடிக் குட்டிச் செருப்புகள் வந்து சேர்ந்துவிடும். அதில் ஒரு ஜோடியாவது கால் மாறிக் கிடக்கும். அம்மாக்கள் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாக ஓடி வருவார்கள். "டீச்சர், நேத்துலேர்ந்து இருமல், வெந்நி குடுங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதித் தெருவைத் தாண்டியிருப்பார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, பாவம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டாலும் அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஆறு வருஷமாகக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். எந்தப் பிள்ளை எதற்கு அழும், எந்தப் பிள்ளை சத்தமே இல்லாமல் எதை உடைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பத்தொன்பதில் கடைக்குட்டி, மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸம்மாவின் மகள். வயது ஒன்றேகால். உருண்டையாக இருப்பாள், விட்ட இடத்தில் நிற்க மாட்டாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயர் பட்டாணி. அப்பா இல்லாத பிள்ளை. காப்பகம் ஒரு நாள் மூடினாலும் நர்ஸம்மா வேலைக்குப் போக முடியாது.

அந்தக் காப்பகத்துக்கு உரிமம் புதுப்பிக்கிற காலம் வந்தது. ஆய்வு அதிகாரி வந்து பார்த்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். வெறும் சிமெண்ட் தரையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"தவழ்ற பிள்ளைங்க இருக்கு. இந்தத் தரை ஆகாது. கார்ப்பெட் டைல் போட்டுருங்க. சதுரம் சதுரமா வரும். ஒண்ணு கெட்டா அதை மட்டும் எடுத்துட்டு வேற வெச்சுக்கலாம். ஆனா தீப்பிடிச்சாப் பரவாத வகையா இருக்கணும், அதுக்குச் சான்றிதழ் காட்டணும். ரெண்டு மாசம் டைம் தர்றேன்" என்று சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நியாயமான பேச்சுதான். டீச்சர் அந்த ஞாயிற்றுக்கிழமையே கணவனைக் கூட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

கணவன் லாரி புக்கிங் ஆபீஸில் கிளார்க். நல்ல மனுஷன், பீடி சிகரெட் கிடையாது, சிடுசிடுப்பு கிடையாது. ஒரே ஒரு வியாதிதான். யார் எதைச் சொன்னாலும் தெரிந்த மாதிரி தலையை ஆட்டுவான். டாக்டர் வாயில் நுழையாத மருந்துப் பெயரைச் சொன்னாலும் ஆட்டுவான், மெக்கானிக் வண்டியில் எது போயிற்று என்று சொன்னாலும் ஆட்டுவான். வெளியே வந்து "என்னங்க சொன்னாரு?" என்று கேட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கடையில் சுவர் நிறையச் சதுரத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரன் மடிப்புக் கலையாத சட்டையும் ஓயாத வாயுமாக இருந்தான். ஒரு துண்டை எடுத்து மேசை மேல் தொம்மென்று போட்டான்.

"சார், இது லூப் பைல். டஃப்டட் மெட்டீரியல். பேக்கிங் பிட்டுமென். டோட்டல் வெயிட் சதுர மீட்டருக்கு நாலு கிலோ சார், நாலு கிலோ! இந்த வெயிட் வேற எவன் குடுக்கறான்னு கேட்டுப் பாருங்க. கையில வாங்கிப் பாருங்க சார், கனத்தை!"

கணவன் கையில் வாங்கினான். "ம்ம்... நல்ல கனம்" என்று தலையாட்டினான், பிறந்ததிலிருந்து கார்ப்பெட் சுமந்தவன் மாதிரி.

"பைல்னா என்னங்க?" என்று கேட்டாள் டீச்சர்.

கடைக்காரன் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கணவனைப் பார்த்துச் சிரித்தான். "சார் சொல்லுவாரு மேடம். சாருக்குத் தெரியாததா?"

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை! கேட்ட கேள்வியைத் தூக்கிக் கேட்காதவன் தலையில் வைத்தாயிற்று. இனி அந்த மனுஷன் தெரியாது என்று சொல்வானா? முழங்கையால் மனைவியை மெல்ல இடித்தான். "அப்புறம் சொல்றேன், சும்மா இரு" என்றான் பல்லுக்குள்.

"பிள்ளைங்க இருக்கற இடம். தீப்பிடிக்காத வகையா இருக்கணும். சான்றிதழ் வேணும்" என்றாள் அவள், விடாமல்.

"எல்லாம் டெஸ்ட் ஆன சரக்கு மேடம். ஸ்டாண்டர்டு. பில்லோட சேர்த்து எல்லாப் பேப்பரும் வந்துரும்."

என்ன டெஸ்ட், யார் செய்த டெஸ்ட், எந்தப் பேப்பர்? அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் எல்லாம் புரிந்த முகத்தோடு நின்றார்கள். அவர்கள் மத்தியில் தான் மட்டும் மறுபடி மறுபடி கேட்டு அசடு வழிவதா என்று அவளுக்கும் ஒரு கூச்சம் வந்துவிட்டது. வீட்டில் பத்தொன்பது பிள்ளைகளை வாயசைத்தே மேய்க்கிறவள், அங்கே வாயை மூடிக்கொண்டாள். கணவன் கையெழுத்துப் போட்டான். பில்லின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

"தரை போடறதுக்கு நம்ம ஆள் ஒருத்தரை அனுப்பறேன். அவர் கை பட்டா தரை கண்ணாடி" என்றான் கடைக்காரன், கும்பிடு போடாத குறையாக.

சொன்னபடியே பெட்டிகளும் வந்தன, ஆளும் வந்தார். இடுப்பில் தோல் உறை, அதில் ஒரு வளைந்த கத்தி. பேச்சு குறைவு. முப்பது வருஷமாகத் தரை விரிப்புப் போடுகிறவராம், கடைத்தெருவில் அவரைக் கத்திக்காரர் என்றுதான் கூப்பிடுவார்களாம். பெட்டிகளின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து படித்தார். ஒரு சதுரத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், மூலையை நகத்தால் கீறினார். பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டட்டுமாங்க?" என்றார்.

"வெட்டுங்க" என்றான் கணவன்.

முழுச் சதுரங்களை வரிசையாக அடுக்கினார். சுவர் ஓரத்துக்கு வந்ததும் அளவெடுத்துக் கத்தியை உருவினார். "வெட்டட்டுமா சார்?"

"வெட்டுங்கன்னு சொன்னேனே."

கத்தி முனையை வைத்துவிட்டு மூன்றாவது தடவையும் கேட்டார். "பாத்துச் சொல்லுங்க. வெட்டிரட்டுமா?"

கணவனுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன பெரியவரே, துணியா தைக்கறீங்க, இத்தனை தடவை கேக்கறீங்க? வெட்டத்தானே உங்களைக் கூப்பிட்டோம்!"

கத்திக்காரர் வெட்டினார்.

முதல் வாரம் காப்பகமே திருவிழாதான். பிள்ளைகள் உருண்டார்கள், புரண்டார்கள், தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் டீச்சருக்கு ஏதோ உறுத்தியது. ஜன்னல் ஓரத்துச் சதுரங்கள் ஒரு நீலம், நடுவில் இருப்பவை வேறொரு நீலம், கதவோரம் சாம்பல் பூத்த நீலம். மூன்றாம் வாரம் வாசலிலிருந்து கழிவறை வரைக்கும் பிள்ளைகள் ஓடுகிற வழியெல்லாம் முடி கொட்டிய மண்டை மாதிரி தேய்ந்துபோயிற்று. நூல் பிரிந்து பிரிந்து வந்தது. தவழ்கிற பிள்ளைகளின் வாயிலிருந்து நாளைக்கு நாலு தடவை நூலை எடுத்தாள். மூலைகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தூக்கின. அவள் பசை வாங்கி ஒட்டினாள், மறுநாள் வேறு மூலை தூக்கிற்று.

நாலாம் வாரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம், அப்படித் தூக்கிக்கொண்டிருந்த ஒரு மூலையில் பட்டாணியின் கால் மாட்டியது. பொம்மை அலமாரியின் விளிம்பில் மோவாய் மோதியது. டீச்சர் ஓடித் தூக்குவதற்குள் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம்.

பக்கத்தில் இருப்பது நர்ஸம்மாவின் மருத்துவமனைதான். அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவசரப் பிரிவில் கையுறை மாட்டிக்கொண்டு "யாருக்கு என்ன?" என்று கேட்டு வந்தவள் நர்ஸம்மாவே. மூன்று தையல். பிள்ளையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டவை பெற்ற தாயின் கைகள்.

நர்ஸம்மா கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் கத்தவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "டீச்சர், உங்களை நம்பித்தான் விட்டுட்டு வர்றேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டீச்சருக்கு நாலு அறை வாங்கிய மாதிரி இருந்தது.

பிள்ளைக்கு அடிபட்ட செய்தி எட்டி, மறுநாளே ஆய்வு அதிகாரி வந்துவிட்டார். ஒரு சதுரம் கையோடு பெயர்ந்து வந்தது. "இந்தப் பெட்டியில ஒட்டியிருந்த சீட்டு இருக்கா?" என்று கேட்டார். மாடிப்படிக்கு அடியில் கிடந்த காலிப் பெட்டியை டீச்சர் கொண்டு வந்தாள். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"வீட்டு உபயோகத்துக்கு மட்டும். குறைந்த நடமாட்டம். தீச்சோதனை செய்யப்படவில்லை."

"படிக்கலையாம்மா இதை?" என்றார் அதிகாரி. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது. "பத்து நாள் தர்றேன். அதுக்குள்ள சரியான விரிப்பு போட்டு, சான்றிதழோட காட்டுங்க. இல்லேன்னா உரிமத்தை ரத்து பண்றதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை. அதுவரைக்கும் இந்த ரூம்ல பிள்ளைங்களை விடாதீங்க."

பத்தொன்பது பிள்ளைகளையும் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அடைக்க வேண்டியதாயிற்று. இரண்டு அம்மாக்கள் அன்று சாயங்காலமே வேறு இடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நாளில் ஆகாவிட்டால் ஆறு வருஷ உழைப்பு மண்ணோடு மண்.

கணவன் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றவில்லை, அவள் பிடித்துக்கொண்டாள்.

"பைல்னா என்ன?"

"என்ன?"

"அன்னைக்குக் கடையில அப்புறம் சொல்றேன்னு சொன்னீங்களே. இப்ப சொல்லுங்க. பைல்னா என்ன? டஃப்டட்னா என்ன? நாலு கிலோன்னா எதோட நாலு கிலோ? சொல்லுங்க!"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தெரியாது" என்றான் கடைசியில். "அவன் சொன்னதுல ஒரு வார்த்தை புரியலை. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு."

வெட்கமாம், வெட்கம்! அந்த வெட்கத்துக்கு விலை ஒரு பச்சைப் பிள்ளையின் மோவாயில் மூன்று தையல். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த டம்ளரைத் தரையில் அடித்திருப்பாள். ஆனால் யாரைத் திட்டுவது? அவளும்தானே நின்றாள் அங்கே? அவள் வாயை யாரும் துணி வைத்துக் கட்டவில்லையே?

"உங்களை மட்டும் சொல்லி என்ன? நானும் பேசாமத்தானே வந்தேன்" என்றாள். "அந்தக் கத்திக்காரருக்குப் போன் போடுங்க. நாளைக்குக் காலையில அவர் இங்க இருக்கணும்."

கத்திக்காரர் வந்தார். உள்ளே நுழைந்ததும் தேய்ந்து கிடந்த வழியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்ததும் டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது.

"தெரியும், இல்ல? அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்!"

"அதான் கேட்டேனேம்மா. வெட்டட்டுமா, வெட்டட்டுமான்னு மூணு தடவை கேட்டேனே."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"வெட்டறதுக்கு முன்னாடின்னா கடையில சரக்கைத் திருப்பி எடுத்துக்கணும். ஒரு துண்டு வெட்டிட்டா அவ்வளவுதான், நீங்க பாத்து ஒத்துக்கிட்டதா ஆயிரும். பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு. அதனாலதான் எங்க தொழில்ல கத்தி வைக்கறதுக்கு முன்னாடி மூணு வாட்டி கேக்கணும்னு வெச்சிருக்கோம்."

"எங்களுக்கு எப்படிய்யா தெரியும் அது? சரக்கு சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

கத்திக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "கடைக்காரர்தான் எனக்கு வேலை குடுக்கறாரு. 'நீ போட வந்தவன், போட்டுட்டு வா'ம்பாரு. அதான் கேக்கறதோட நிறுத்திக்குவேன்."

"அது கேள்வியே இல்லை பெரியவரே! நாளைக்கு உங்க மேல பழி வரக்கூடாதுன்னு உங்களுக்கு நீங்களே கட்டிக்கிட்ட வேலி. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டறீங்க!"

அந்த நேரம் பார்த்துச் சின்ன அறையிலிருந்து பட்டாணி தத்தித் தத்தி வெளியே வந்தாள். நர்ஸம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் தையலோடேயே கொண்டுவந்து விட்டிருந்தாள். மோவாயில் வெள்ளைக் கட்டு. வந்தவள் நேராகக் கத்திக்காரரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் இடுப்பில் தொங்கிய தோல் உறையை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள்.

"இது என்ன கட்டு?" என்றார் அவர்.

"நீங்க போட்ட தரைதான்" என்றாள் டீச்சர்.

பெரியவர் உறையை அவிழ்த்து அலமாரி மேல் எட்டாத உயரத்தில் வைத்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே ஒரு சதுரத்தைப் பெயர்த்து எடுத்தார்.

"உக்காருங்கம்மா. சாரையும் கூப்பிடுங்க. சொல்றேன்."

சொன்னார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பைல் என்றால் மேலே நிற்கிற நூல், கால் படுவதும் உழைப்பதும் அதுதான். நூலை வெட்டாமல் வளையமாக விட்டால் லூப். டஃப்டட் என்றால் நூலை ஊசியால் குத்திக் குத்திச் செருகியது, அதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, பாதிக் கடைச் சரக்கு அப்படித்தான். பேக்கிங் என்றால் அடிப்பாகம், பிட்டுமென் என்றால் தார்.

"நாலு கிலோன்னு சொன்னாரே, அது எல்லாம் சேத்து. இதுல நூல் முந்நூறு கிராம் இருந்தா அதிகம். மிச்சமெல்லாம் தாரும் சுண்ணாம்புத் தூளும். எலும்பை நிறுத்துட்டுக் கறின்னு வித்த மாதிரிம்மா. பைல் வெயிட் எவ்வளவுன்னு தனியாக் கேக்கணும். தூள் ஜாஸ்தி கலந்ததாலதான் மூலையெல்லாம் தூக்குது."

"கலர் மாறி மாறி இருக்கே?"

"ஒரு தடவை சாயம் போட்டு எடுத்தது ஒரு பேட்ச். எல்லாப் பெட்டியிலயும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கணும். உங்களுக்கு மூணு நம்பர் வந்துச்சு. விக்காமக் கிடந்த மிச்சம் மீதியையெல்லாம் தள்ளிவிட்டுட்டாரு. எந்த இடத்துக்கு ஆகும், தீச்சோதனை உண்டா இல்லையா, எல்லாம் சீட்டுலயே இருக்கும். படிச்சாப் போதும்."

கணவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். "இவ்வளவுதானா?" என்றான். "இவ்வளவுதானா விஷயம்?"

"இவ்வளவுதான் சார். கேட்டா அஞ்சு நிமிஷம். யாரும் கேக்கறதில்லை."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கடையில் நல்ல கூட்டம். டீச்சர் அந்தச் சதுரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே காலிப் பெட்டியோடு கணவன். கத்திக்காரரை வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அவர் "பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

"வாங்க மேடம், வாங்க சார்! தரை எப்படி இருக்கு?" என்றான் கடைக்காரன்.

அவள் சதுரத்தை மேசை மேல் போட்டாள். "இதுல பைல் வெயிட் எவ்வளவு?"

கடைக்காரனின் சிரிப்பு கொஞ்சம் நின்று மறுபடி வந்தது. "டோட்டல் வெயிட் நாலு கிலோ மேடம்."

"நான் டோட்டல் கேக்கலை. நூல் எவ்வளவு, தார் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு?"

"அதெல்லாம் டெக்னிக்கல் மேடம். நீங்க சாரைப் பேசச் சொல்லுங்க."

"அவங்க கேக்கறதுக்கே பதில் சொல்லுங்க" என்றான் கணவன். "பிள்ளைங்க காப்பகம்னு சொல்லித்தானே வாங்கினோம்? வீட்டு உபயோகத்துக்கு மட்டும்னு பெட்டியில போட்டிருக்கு. தீச்சோதனை செய்யப்படவில்லைன்னு போட்டிருக்கு. டெஸ்ட் ஆன சரக்குன்னீங்களே, என்ன டெஸ்ட்?"

சுற்றிலும் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு புது ஜோடி, அம்மாவைக் கூட்டி வந்த ஒரு பெண், முதியோர் விடுதிக்குத் தரை வாங்க வந்த ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் கையில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "மேடம், உள்ளே வாங்க, உக்காந்து பேசிக்கலாம். காபி சாப்பிடறீங்களா?"

"உள்ளே வேண்டாம். வெளியிலதானே வித்தீங்க? வெளியிலயே பேசுங்க."

சாயம் வெளுத்துவிட்டது. கடைக்காரன் பில்லைப் பிடுங்காத குறையாக வாங்கித் திருப்பிக் காட்டினான். "இந்தாங்க, படிங்க. வெட்டிய பிறகு சரக்கு திருப்பி எடுக்கப்படமாட்டாது. சார் கையெழுத்து இருக்கு. வெட்டறதுக்கு முன்னாடி ஆள் கேட்டிருப்பானே? நீங்கதானே வெட்டச் சொன்னீங்க? நீங்க ஒத்துக்கிட்ட சரக்குக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஒத்துக்கலை" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

கத்திக்காரர் நின்றிருந்தார். இன்று இடுப்பில் கத்தி இல்லை. கடைக்குள் வந்தார்.

"வெட்டினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாது முதலாளி. நான் சொல்லலை. பெட்டியில மூணு பேட்ச் இருக்குன்னு எனக்குத் தெரியும், சொல்லலை. பிள்ளைங்க இடத்துக்கு இது ஆகாதுன்னு தெரியும், சொல்லலை. சொன்னா வேலை கிடையாதுன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க? இவங்களுக்கு மட்டும் இல்லை. போன மாசம் அந்த ஆபீஸுக்கு, அதுக்கு முந்தி அந்த கிளினிக்குக்கு, எல்லா இடத்துலயும் இப்படித்தான் வாயை மூடிக்கிட்டு வெட்டினேன்."

"யோவ்! யாரைக் கேட்டு உள்ளே வந்தே? இனிமே இந்தக் கடை வாசப்படி மிதிச்சே..."

"மிதிக்கலை. ஒரு பிள்ளை மோவாயில தையல் போட்டிருக்கு முதலாளி. என் கையால போட்ட தரை. அதை எங்க போய்ச் சொல்ல வேண்டியிருந்தாலும் வந்து சொல்றேன்."

புது ஜோடியில் அந்தப் பெண் தான் பார்த்துக்கொண்டிருந்த சதுரத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். அம்மாவைக் கூட்டி வந்தவள், "நமக்கு எந்தப் பேட்ச்சு போட்டிருக்கான்?" என்று சத்தமாகவே கேட்டாள். கடைக்காரன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். மனசு மாறியதாக அவன் முகத்தில் ஒரு அறிகுறியும் இல்லை. வியாபாரம் கை நழுவுகிறது என்று மட்டும் தெரிந்துவிட்டது.

"சரி மேடம். நல்ல சரக்கா மாத்தித் தர்றேன். போதுமா?"

"போதாது. எழுதிக் குடுங்க. எந்த இடத்துக்கு ஆன சரக்கு, நூல் எடை எவ்வளவு, எல்லாம் ஒரே பேட்ச், தீச்சோதனைச் சான்றிதழ் எந்தத் தேதிக்கு வரும், பழசைப் பெயர்த்து எடுக்கறது யார் பொறுப்பு, எல்லாத்தையும் எழுதுங்க. பெரிய எழுத்துல எழுதுங்க. எங்களுக்குப் புரியற பாஷையில எழுதுங்க. புதன்கிழமைக்குள்ள தரை போட்டு முடிக்கணும். இந்தக் கத்திக்காரர்தான் போடணும்."

அவன் எழுதினான். நாலு பேர் பார்க்க எழுதினான். கணவன் அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஓரிடத்தில் விரலை வைத்து, "இது எனக்குப் புரியலை, மாத்தி எழுதுங்க" என்றான். கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றி எழுதினான்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகும் டீச்சருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காப்பகம் பிழைத்துவிட்டது, சரி. அந்தப் பிள்ளையின் மோவாயில் தழும்பு ஆயுசுக்கும் இருக்குமே. அவள் மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், எல்லாரும் கேட்டுக்கங்க. ஒரு விஷயம் தெரியாம இருக்கறது தப்பே இல்லை. தெரியாமலே தலையை ஆட்டினோம் பாருங்க, அது எங்க தப்பு. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டாரு, அது கத்திக்காரர் தப்பு. அதை அவரே ஒத்துக்கிட்டாரு. ஆனா இவங்களுக்குத் தெரியாது, கேக்கவும் வெக்கப்படுவாங்கன்னு கணக்குப் போட்டு வித்தீங்களே, அதுக்குத் தப்புன்னு பேர் இல்லை. அதுக்குத் திருட்டுன்னு பேர். நாங்க வெக்கப்படற வரைக்கும்தான் உங்க திருட்டு ஓடும்!"

கடைக்காரன் பில் புத்தகத்தைப் புரட்டுகிற மாதிரி பாவனை செய்தான். முதியோர் விடுதிக்குத் தரை வாங்க வந்த பெரியவர், கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவன். நீ ஒரு மணி நேரமாச் சொன்னதுல எனக்கு ஒரு எழுத்து விளங்கலை. முதல்லேர்ந்து சொல்லு" என்றார்.